சொந்த லொறி, அடுத்தவர் ட்ரெயிலர்: கணக்குப் பார்த்து இறங்குவோம்



"எவ்வளவு காலத்துக்குத்தான் அடுத்தவன் லொறிய ஓட்டுறது? நாமளே ஒண்ணு எடுத்தா என்ன?" இந்தப் பேச்சு இப்போது நம்ம லயங்களிலும் கேட்கிறது. கொழும்புக்குப் போய் கிளீனராகச் சேர்ந்து, பிறகு சாரதியாக உயர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தத் தொழில் ஆசை வருவது நல்லதுதான். ஆனால் அந்த லொறிக்கு முற்பணமாகப் போவது பெரும்பாலும் அப்பா அம்மாவின் ஈ.பி.எப். காசும் வீட்டு நகையும். அது ஒரு முறைதான் கைக்கு வரும். ஆகவே இந்தப் பாடத்தைச் சாரதி மட்டுமில்லாமல் வீட்டார் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

1. இது என்ன தொழில்?

கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு பகுதி உண்டு. இயந்திரமும் சாரதி ஆசனமும் உள்ள முன்பகுதி பிரைம் மூவர். கொண்டெய்னரைச் சுமக்கும் பின்பகுதி ட்ரெயிலர். இந்தத் தொழிலில் பிரைம் மூவர் மட்டும் உங்களுடையது. ட்ரெயிலரும் சரக்கும் அடுத்தவருடையவை. கம்பனி கூப்பிடும்போது போய்க் கொழுவி இழுக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகை, அதாவது "ஹயர்" காசு கிடைக்கும். பயணம் இல்லாத நாளில் காசும் இல்லை. இந்த வாகனத்தை ஓட்ட சீ.ஈ. வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

2. லொறி யாருடையது?

லீசிங்கில் எடுத்தால் பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு செய்த சொந்தக்காரர் நீங்கள். முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. கடைசித் தவணை கட்டி முடித்து, அவர்களுடைய பெயரை நீக்கும் வரைக்கும் லொறி முழுசாக உங்களுடையது ஆகாது. தவணை தவறினால் வாகனம் கையை விட்டுப் போகலாம். பிணைக்குக் கையெழுத்து வைத்த மச்சானும் மாமாவும் பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, மத்திய வங்கியில் பதிவு செய்த நிறுவனங்களே லீசிங் தொழில் செய்யலாம். முதலில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருந்தால் விளங்கியவரைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம்.

3. ஒரு மாதக் கணக்கு

கீழே உள்ளவை பாடத்துக்காக எடுத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். போக வர 200 கிலோமீற்றர் கொண்ட பயணம் ஒன்றுக்கு 47,000 ரூபா ஹயர். மாதத்துக்கு 20 பயணம். வரவு 940,000 ரூபா.

செலவு:
டீசல் (பயணத்துக்கு 80 லீற்றர், லீற்றர் 300 ரூபா வீதம்) – 480,000
லீசிங் தவணை – 220,000
டயருக்கு ஒதுக்குவது (கிலோமீற்றருக்கு 10 ரூபா) – 40,000
ஒயில், சர்வீஸ், திருத்த வேலை – 45,000
காப்புறுதி, வருடாந்த அனுமதிப்பத்திரம் (மாதப் பங்கு) – 25,000
உதவியாளர் சம்பளம், ஈ.பி.எப்., ஈ.டி.எப். – 46,000
சாப்பாடு, பார்க்கிங் – 20,000
மொத்தம் – 876,000

மிச்சம் 64,000 ரூபா. ஒன்பது லட்சத்துக்கு மேலே கையில் புரண்டும் வீட்டுக்கு வருவது இவ்வளவுதான். சாரதிக்கு வேறு சம்பளம் கிடையாது. இதுதான் அவருடைய சம்பளமும் லாபமும்.

இப்போது 20 பயணம் 17 ஆகக் குறைந்தால்? வரவு 141,000 குறையும். டீசலிலும் டயரிலும் 78,000 மிச்சமாகும். மற்றச் செலவு அப்படியே நிற்கும். ஆகவே 63,000 ரூபா நட்டம். மாதக் கடைசியில் கையில் 1,000 ரூபா! மூன்று பயணம் தவறினதுக்கே இந்த நிலை. வாகனம் ஒரு கிழமை கராஜில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டயர்க் காசை மாதாமாதம் ஒதுக்காதவர்கள், 10 டயரும் ஒரே நேரத்தில் தேயும்போது வட்டிக்கு வாங்குகிறார்கள். லொறி ஓடிக்கொண்டே கடனில் மூழ்குவது இப்படித்தான்.

4. டீசல் ஏறினால் யார் தாங்குவது?

2022 ஜனவரியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அதே வருடம் ஜூன் கடைசியில் 460 ரூபா. பயணத்துக்கு 80 லீற்றர் என்றால் ஒரு பயணத்திலேயே 27,120 ரூபா கூடுதல் செலவு. ஹயர் பழைய விலையிலேயே நின்றிருந்தால் ஓட ஓட நட்டம்தான். அந்த வருடம் பின்னர் கியூ.ஆர். முறையில் வாராந்த டீசல் அளவும் மட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே "டீசல் விலை மாறினால் ஹயரும் மாறும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. எழுத்தில் கேட்க வேண்டியவை

வாய்ப் பேச்சு காற்றோடு போகும். இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

அ) காசு எத்தனை நாளில் வரும்? டீசலுக்குக் கைக்காசு வேண்டும். கம்பனியோ மாதம் கழித்துத் தரலாம். இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.
ஆ) துறைமுகத்திலும் ஸ்டோரிலும் காத்து நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?
இ) வெற்றுக் கொண்டெய்னர் பிந்தித் திரும்பினால் கப்பல் கம்பனி கேட்கும் தண்டப் பணம் யாருடையது?
ஈ) ட்ரெயிலரின் டயர், பிரேக், விளக்குத் திருத்தம் யார் பொறுப்பு?
உ) சரக்கு பழுதானால் யாருடைய காப்புறுதி? உங்கள் மூன்றாம் நபர் காப்புறுதி சரக்குக்குக் காசு தராது.
ஊ) ஹயர் காசில் எதை எதைக் கழிப்பார்கள்?

6. ட்ரெயிலரைக் கொழுவும் முன்

ட்ரெயிலர் அடுத்தவருடையது, ரோட்டில் பொலிஸ் மறிப்பது உங்களை. விபத்து நடந்தால் முதலில் போவது உங்கள் உயிர். ஆகவே அவசரப்படுத்தினாலும் சுற்றி வந்து பாருங்கள். கொழுக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா? பூட்டிய பிறகு மெதுவாக முன்னே இழுத்துச் சோதியுங்கள். காற்றுக் குழாய்களில் கசிவு உண்டா? முன்கால்கள் முழுவதும் மேலே தூக்கப்பட்டுள்ளனவா? கொண்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளும் விழுந்துள்ளனவா? பூட்டாத கொண்டெய்னர் வளைவில் கவிழும். மலைநாட்டு இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறி, பிடிக்காமல் போகும்.

7. சேமலாப நிதி இனி யார் கட்டுவது?

தோட்டத்திலோ கம்பனியிலோ சம்பளத்துக்கு வேலை செய்தால், முதலாளி ஈ.பி.எப்.புக்கு 12 வீதமும் ஈ.டி.எப்.புக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். சொந்த லொறிக்காரருக்கு அப்படிக் கட்ட யாரும் இல்லை. வயதான காலத்துக்குத் தானே சேமித்தால்தான் உண்டு. அதோடு, ஒரே ஒரு உதவியாளரை வைத்தாலும் நீங்கள் முதலாளி. அவருக்கு ஈ.பி.எப்., ஈ.டி.எப். கட்டுவது உங்கள் கடமை. வேலையில் அவருக்குக் காயம் பட்டால் நட்டஈட்டுப் பொறுப்பும் உங்களுடையது. நம்ம அப்பா அம்மா போராடிப் பெற்ற உரிமையை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நாமே மறுக்கலாமா?

வீட்டில் கூடிப் பேச:

1. முற்பணம் எங்கிருந்து வருகிறது? அது முழுவதும் போனால் வீடு எப்படி ஓடும்?
2. மாதம் 17 பயணம் மட்டும் கிடைத்தால் தவணை கட்ட முடியுமா?
3. சாரதிக்கு மூன்று மாதம் சுகமில்லாமல் போனால் யார் ஓட்டுவது?
4. வரவு செலவுக் கொப்பியை வீட்டில் யார் எழுதுவது?

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் துணிந்து இறங்குங்கள். பதில் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டி, எந்தக் கம்பனி காசை ஒழுங்காகத் தருகிறது, எந்தப் பாதையில் எவ்வளவு டீசல் போகிறது என்று கொப்பியில் எழுதி வாருங்கள். சொந்த லொறி எடுக்கும் நாளில் அந்தக் கொப்பி முற்பணம் அளவுக்குப் பெறுமதியானது.