பேனா டிஸ்ப்ளே வாங்கப் போகிறீர்களா? 10 குறிப்புகள்

கணினியில் படம் வரைபவர்கள் பலருக்கும் திரையிலேயே பேனா வைத்து வரைய ஆசை இருக்கும். பேனா டிஸ்ப்ளே அதற்கான கருவிதான். ஆனால் விலை அதிகம். நிறை குறைகளைத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.

1. முதலில் வகையைப் புரிந்துகொள்ளுங்கள். திரையில்லாத பேனா டேப்லெட்டில் கை மேசையிலும் கண் மானிட்டரிலும் இருக்கும். பேனா டிஸ்ப்ளேயில் கை படும் இடத்திலேயே கோடு தெரியும். ஆனால் பெரும்பாலானவை கணினியோடு இணைத்தால்தான் இயங்கும். ஐபேட் போன்றவை தனியாகவே இயங்கும்.

2. காகிதத்தில் வரைந்து பழகியவர்களுக்குப் பேனா டிஸ்ப்ளே சீக்கிரம் கைவரும். கண் இமை, விரல் மடிப்பு, முடிக்கற்றை என்று நுணுக்கமாகக் கோடு போடுபவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

3. பெரிய குறை, குனிந்து வரைவதால் வரும் கழுத்துவலி. மேசையில் படுக்கவைத்து வரையாதீர்கள். ஸ்டாண்டு வைத்துச் சாய்த்து, திரையை முகத்துக்கு அருகே உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைச் சுழற்றுங்கள். கழுத்துவலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து வரைய முடிகிற திரையில்லாத டேப்லெட்டே நல்லது.

4. கடையிலேயே பேனா முனையைத் திரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முனைக்கும் கர்சருக்கும் இடைவெளி தெரிந்தால், கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒட்டித் தயாரிக்கும் 'லேமினேட்டட்' திரையில் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும்.

5. அடுத்து, ஒரு ஸ்கேலை லேசாகப் பிடித்துக்கொண்டு குறுக்காக மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால் வேறு மாடல் பாருங்கள். பேனாவை மென்மையாகத் தொட்டாலே கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். பேனா அழுத்தத்தை உணரும் நிலைகள் 8192 இருந்தாலே போதும். அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

6. திரை பெரிதானால் மட்டும் படம் தெளிவாகிவிடாது. 1920 x 1080 புள்ளிகள் 16 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 138 வரும். அதுவே 24 அங்குலத்தில் 92தான். அவ்வளவு பெரிய திரை வேண்டுமென்றால் கூடுதல் ரெசல்யூஷன் உள்ளதை வாங்குங்கள். மேசையில் கீபோர்டுக்கு இடம் மிஞ்சுமா என்றும் அளந்து பாருங்கள்.

7. ஒரே கேபிளில் இணைக்கலாம் என்பார்கள். ஆனால் எல்லா லேப்டாப் யூஎஸ்பி-சி துளைகளும் படத்தை வெளியே அனுப்பாது. லேப்டாப் விவரக்குறிப்பில் இதைச் சரிபாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, மின்சாரம் என்று மூன்று இணைப்புகள் தேவைப்படலாம்.

8. வேறு நிறுவன டேப்லெட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதன் டிரைவர் மென்பொருளை முழுவதும் நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகு புதியதை நிறுவுங்கள். அழுத்தினாலும் கோட்டின் தடிமன் மாறாமல் வருவது, கர்சர் விலகி நிற்பது போன்ற தொல்லைகளுக்குப் பழைய டிரைவர் ஒரு முக்கியக் காரணம்.

9. பேனா முனையான நிப் தேய்ந்து ஒருபக்கம் சப்பையாகி, ஓரம் கூர்மையானால் உடனே மாற்றுங்கள். அது திரையின் மேற்பூச்சைக் கீறும். திரையின் மேல் ஃபிலிம் ஒட்டியிருந்தால், அதில் கீறல் விழுந்தாலும் மலிவாக மாற்றிவிடலாம். சிறுவிரலை மூடும் கையுறை வியர்வைக் கறையைத் தடுக்கும். ஈரம் லேசாகப்பட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரடியாகத் தெளிக்காதீர்கள்.

10. பேனா டிஸ்ப்ளேயில் தெரியும் நிறம் வேறு திரையில் மாறித் தெரியலாம். படத்தைக் கொடுக்கும் முன் போனிலும் மானிட்டரிலும் பாருங்கள். அச்சுக்குப் போவதென்றால் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போதுதான் கற்கத் தொடங்குகிறீர்களா? திரையில்லாத டேப்லெட்டும், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா (Krita) என்ற வரையும் மென்பொருளும் போதும். தினமும் மணிக்கணக்கில் கோட்டோவியம், காமிக்ஸ், அனிமேஷன் வேலை செய்பவர்களுக்குப் பேனா டிஸ்ப்ளே கொடுத்த விலைக்குத் தகுந்த பொருள். எதை வாங்கினாலும் தினமும் வரையுங்கள். கைப்பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது.