பரணில் கிடக்கும் தையல் மெஷினை ஓட வைக்க

பாட்டி காலத்துக் கறுப்பு மெஷின் இறுகிக் கிடந்தால் உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உறைந்த எண்ணெயும் சிக்கிய நூலும்தான் காரணமாக இருக்கும்.

1. பழைய மெஷின் வாங்கப் போனால் பளபளப்பில் மயங்காதீர்கள். மேல் சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். கொஞ்சம் அசைந்தாலும் தேற்றிவிடலாம். உடலில் விரிசல் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சிங்கர் 27, 28 மாடல்கள் என்றால் தோட்டா வடிவ ஷட்டிலும் நீள பாபினும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். தனியாகத் தேடினால் அலைய வேண்டியிருக்கும். நம் ஊர்க் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் சிங்கர் 15 வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு பாபின் கேஸ் சுலபமாகக் கிடைக்கும்.

2. சிங்கர் மெஷினின் அடித்தட்டில் வலப்பக்கம் எண் பொறித்திருக்கும். முன்னால் எழுத்தே இல்லையென்றால் அது 1900க்கு முந்தையது. 'எஃப்', 'ஒய்' எழுத்துகள் இருந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1885ல் தொடங்கிய அந்த ஆலை 1980ல் மூடப்பட்டது.

3. எதைக் கழற்றுவதற்கு முன்பும் செல்போனில் படம் எடுங்கள். பழைய சிங்கர் திருகுகளின் மரை தனி ரகம். ஹார்டுவேர் கடைத் திருகு பொருந்தாது. ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

4. இறுகிய மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு, எண்ணெய்த் துளைகளிலும் அசையும் மூட்டுகளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பழுப்பு நிறத்தில் அழுக்கு வழியும். சுத்தியல் எடுக்கவே கூடாது. துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

5. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசினாகிவிடும். பல மெஷின்கள் பரண் ஏறியதே இதனால்தான்.

6. தங்க நிறப் பூவேலைமேல் ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர் படக்கூடாது. பாலிஷ் கரைந்து பூவும் போய்விடும். பஞ்சில் மெஷின் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்க ஸ்டாண்டு இருக்கிறது; பூவேலையை விட்டுவிடுங்கள்!

7. ஊசித் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றுங்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் பல வருடப் பஞ்சு கெட்டியாகப் படிந்திருக்கும். பழைய ஊசியால் குத்தி எடுத்து, டூத் பிரஷால் தேயுங்கள். பாதித் தையல் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

8. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் பாபினைத் திட்டாதீர்கள். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காரவில்லை. ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும்.

9. தோல் பெல்ட் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டி, மறுபடி கொக்கி போடுங்கள். அதில் எண்ணெய் பட்டால் வழுக்கும்.

10. மோட்டார் வைத்த பழைய மெஷினில் ஒயர் வெடித்திருந்தால் பிளக்கில் செருகிச் சோதிக்காதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டி ஒயரை மாற்றிவிடுங்கள்.