சங்கத்துக்கு எந்தக் கணனி? சேர்வர் புரொசெசரா, மேசைக் கணனிப் புரொசெசரா?

கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சேமிப்புக் குழுவோ பொதுப் பணத்தில் கணனி ஒன்றை வாங்க முடிவு செய்தால், பாவித்த கணனி விற்பவர் இரண்டு இயந்திரங்களை முன்னால் வைக்கக்கூடும். ஒன்று சாதாரண மேசைக் கணனி. மற்றது, பெரிய கம்பனி ஒன்று கழித்துவிட்ட, சேர்வர் புரொசெசர் பூட்டிய பாரமான இயந்திரம். "இது பதினாலு கருவுள்ள சேர்வர். அது வெறும் நாலு கரு. விலையோ கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று அவர் சொன்னால், கேட்பவருக்குப் பெரியதே நல்லது என்று தோன்றுவது இயல்பு.

பொதுப் பணம் என்பது பலருடைய வியர்வை. அந்தக் கணனிக்குள் வைக்கப்போவதோ ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்புக் கணக்கும், கடன் விபரமும், காணி உறுதியின் படமும். இடம்பெயர்ந்து, உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பங்களுக்கு ஒரு பதிவின் பெறுமதி தெரியும். ஆகவே இந்தத் தெரிவை விற்பவரிடம் விட்டுவிடாமல், நாமே விளங்கி எடுப்பது நல்லது.

1. இரண்டு வகைப் புரொசெசர்கள்

புரொசெசர் என்பது கணனிக்குள் கணக்குப் பார்க்கும் உறுப்பு. அதற்குள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கருக்கள் என்கிறோம். ஒரு வீட்டில் அல்லது ஒரு கந்தோர் மேசையில் ஒருவர் இருந்து பாவிப்பதற்காகச் செய்யப்படுவது மேசைக் கணனிப் புரொசெசர். பலர் ஒரே நேரத்தில் தகவல் கேட்க, இரவு பகலாக நிற்காமல் ஓடுவதற்காகச் செய்யப்படுவது சேர்வர் புரொசெசர். வங்கி, வைத்தியசாலை, தொலைபேசிக் கம்பனி போன்ற இடங்களுக்கு இது வேண்டும்.

இன்ரெல் நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் தன் சேர்வர் வகைக்கு ஸியோன் என்ற பெயரை இட்டு வருகிறது. அதே நிறுவனத்தின் மேசைக் கணனிகளில் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்களைக் காணலாம். ஏ.எம்.டி. நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மேசைக் கணனிக்கு ரைசென் என்பதையும் சேர்வருக்கு எபிக் என்பதையும் வெளியிட்டது.

2. கருக்களை எண்ணினால் போதுமா?

உண்மையான இரண்டு புரொசெசர்களை எடுத்துக்கொள்வோம்.

ஸியோன் ஈ5-2680 வி4: 2016இல் வந்தது. 14 கருக்கள். அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், கூடிய வேகம் 3.3. வெப்ப அளவு 120 வாட்.

கோர் ஐ3-12100: 2022இல் வந்தது. 4 கருக்கள். அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், கூடிய வேகம் 4.3. அடிப்படை வெப்ப அளவு 60 வாட்.

முதலாவது பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஒரே தாய்ப்பலகையில் அப்படிப்பட்ட இரண்டைப் பூட்டலாம். ஒரு புரொசெசருக்கே 1,500 கிகாபைட்டுக்கு மேல் நினைவகம் கொடுக்கலாம். ஐ3 ஏற்பது 128 கிகாபைட் மட்டுமே.

ஆனால் சங்கத்தின் வேலை என்ன? கணக்கேட்டைத் திறந்து ஒரு தொகையைப் பதிவது, கடிதம் எழுதுவது, உறுதியொன்றைப் படமெடுத்துச் சேர்ப்பது. இவை பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கருக்களில் நடந்து முடிகின்ற வேலைகள். ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய கிணற்றைத் தூர்வாரப் பதினாலு பேரைக் கூலிக்குப் பிடித்தால், ஒருவர் இறங்குவார், பதின்மூன்று பேர் கட்டில் இருப்பார்கள். இறங்கியவரின் வேகம்தான் வேலையின் வேகம். அந்த ஒற்றைக் கருவின் வேகத்தில் பிந்தி வந்த சிறிய ஐ3 தெளிவாக முந்துகிறது. காரணம் கிகாஹேர்ட்ஸ் மட்டுமல்ல. ஒரு துடிப்பில் செய்து முடிக்கும் வேலையும் புதிய தலைமுறைகளில் கூடியிருக்கிறது.

3. சேர்வரின் உண்மையான சிறப்பு

சேர்வரின் சிறப்பு கருக்களில் மட்டும் இல்லை. அது பிழை திருத்தும் நினைவகத்தை ஏற்கும். இதனை ஈ.சீ.சீ. நினைவகம் என்பர்.

கணனி எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் எழுதுகிறது. ஒவ்வொரு இலக்கமும் ஒரு பிட். நினைவகத்தின் பழுதாலோ, விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகளாலோ சில வேளைகளில் 0 ஒன்று 1 ஆக மாறிவிடும். பன்னிரண்டு தடவை இரட்டிப்பான இடத்தில் நிற்கும் பிட் மாறினால் தொகையில் 4,096 கூடும். 2,500 ரூபா 6,596 ரூபாவாகிவிடும். கணனி எந்த எச்சரிக்கையும் தராது.

இதைத் திருத்தும் வழி, நம் பொருளாளர்மார் அறிந்த வழிக்குக் கிட்டியது. கணக்கேட்டில் ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் கூட்டுத்தொகை, ஒவ்வொரு நிரலுக்கும் அடியில் கூட்டுத்தொகை எழுதுவோம். நடுவே ஒரு இலக்கம் பிழைத்தால் ஒரு வரியும் ஒரு நிரலும் பொருந்தாது. இரண்டும் சந்திக்கும் இடமே பிழை. இடம் தெரிந்தால் திருத்தவும் முடியும். பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த றிச்சர்ட் ஹமிங் இப்படிச் சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்த்துப் பிழை திருத்தும் முறையை 1950இல் வெளியிட்டார். ஈ.சீ.சீ. நினைவகம் வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்புப் பிட் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் பிழைத்தால் திருத்தும். இரண்டு பிழைத்தால் கண்டுபிடித்து அறிவிக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கூகிள் நிறுவனத்தின் சேர்வர்களை இரண்டரை வருடங்கள் கவனித்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஒரு வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் ஒரு தடவையேனும் இவ்வாறான பிழையைக் கண்டதாகக் கூறியது. ஆனால் பிழைகள் எல்லா இயந்திரத்திலும் சமமாக விழவில்லை. ஒரு தடவை பிழைத்த நினைவகமே திரும்பத் திரும்பப் பிழைத்தது.

2003 மே மாதம் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஸ்கார்பேக் என்ற நகரத்தில் மின்னணு முறையில் வாக்கெடுத்தார்கள். ஒரு வேட்பாளருக்கு, அவருக்குக் கிடைக்க முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. வாக்காளரின் காந்த அட்டைகளைத் திரும்ப எண்ணியபோது சரியாக 4,096 வாக்குகள் குறைந்தன. ஒரு பிட் மாறியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். பிழை எப்படி வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தொகை நம்பக்கூடியதாக இல்லை என்பதை மனிதர் கண்டார்கள். சரிபார்க்க இரண்டாவது பதிவு ஒன்று கையில் இருந்தது.

4. சேர்வர் எதைக் காக்காது?

ஈ.சீ.சீ. நினைவகம், நினைவகத்தில் நிகழும் பிழையை மட்டுமே திருத்தும். பொருளாளர் 500 என்பதை 5,000 என்று பதிந்தால் அது 5,000 என்றே பத்திரமாக வைத்திருக்கும். வன்தட்டு பழுதானால், இடி விழுந்தால், வெள்ளம் புகுந்தால், கள்வர் தூக்கிப் போனால் எந்தப் புரொசெசரும் உதவாது. ஒரு சங்கத்தின் பதிவுகள் அழிவதற்கு இவைதான் கூடிய காரணம்.

ஆகவே பதிவுகளைக் காப்பது பிரதிகளே. மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். உறுதிகளின் படங்களும் கடன் விபரங்களும் பிறர் கையில் சிக்காதபடி, வெளியே வைக்கும் பிரதிக்குக் கடவுச்சொல் இடுவது அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கத்தவர் கையில் இருக்கும் கடதாசிச் சேமிப்புப் புத்தகத்தைக் கணனி வந்துவிட்டது என்று நிறுத்த வேண்டாம். பெல்ஜியத்தில் காந்த அட்டை செய்த வேலையை நம் சங்கத்தில் செய்வது அந்தப் புத்தகமே.

5. மின்சாரமும் உதிரிப்பாகமும்

புரொசெசரில் எழுதியிருக்கும் வாட் அளவு முழுக் கணனியும் எடுக்கும் மின்சாரம் அல்ல. முழு இயந்திரத்தையும் அளவு கருவியில் பூட்டிப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, ஒரு இயந்திரம் 150 வாட்டும் மற்றது 50 வாட்டும் எடுப்பதாக வைப்போம். வித்தியாசம் 100 வாட். நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 20 அலகு, வருடத்துக்கு 240 அலகு. இந்தப் பணமும் சங்கத்துடையதே.

சூரிய மின்கலத்தில் ஓட்டும் இடங்களில் இது இன்னும் பாரதூரமானது. 12 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட ஈயமில மின்கலம் ஒன்றில் 1,200 வாட் மணி இருக்கும். அதன் ஆயுள் குறையாதிருக்க அரைவாசியை, அதாவது 600ஐ, எடுப்பதே முறை. மேலே சொன்ன வித்தியாசம் மட்டும் நாளுக்கு 800 வாட் மணி. அதற்கே ஒரு மின்கலம் போதாது.

உதிரிப்பாகங்களிலும் வித்தியாசம் உண்டு. ஸியோன் ஈ5 வகையில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை. அதற்கான அட்டை வேறாக வேண்டும். ஐ3-12100இல் அது உள்ளேயே உண்டு. ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதிலும் இல்லை. வாங்கும்போது இந்த எழுத்தைப் பாருங்கள். சேர்வரில் வழக்கமாகப் பூட்டும் பதிவுவகை நினைவகம் சாதாரண மேசைக் கணனியில் வேலை செய்யாது. எனவே பழுதானால் பக்கத்து நகரத்துக் கடையில் கடன்வாங்கிப் பூட்டிப் பார்க்கவும் முடியாது.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் புரொசெசர் பட்டியலில் ஈ5-2680 வி4 இல்லை, ஐ3-12100 உண்டு. பழைய இயந்திரத்தில் இலவசமான லினக்ஸ் ஓடும். அதைக் கற்றுத்தர ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

6. நடுவழி உண்டா?

பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். 2013இல் வந்த ஸியோன் ஈ3-1230 வி3, அதே ஆண்டின் கோர் ஐ7-4770 இரண்டும் ஒரே தலைமுறை, நான்கு கருக்கள், ஒரே தாய்ப்பலகையில் பொருந்தும். ஸியோனில் திரைப்பகுதி இல்லை, விலை குறைவு. ஆகவே வீட்டுப் பாவனைக்கே அதை வாங்கியவர்கள் பலர். 2015இல் அடுத்த வகை வந்தபோது அதற்குத் தனித் தாய்ப்பலகை வேண்டும் என்று இன்ரெல் ஆக்கிவிட்டது. ஏ.எம்.டி.யின் ரைசென் மேசைப் புரொசெசர்கள் பல, தாய்ப்பலகை இடங்கொடுத்தால், ஈ.சீ.சீ. நினைவகத்தை ஏற்கும். புரொசெசர், தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றும் ஒத்தால் மட்டுமே பிழை திருத்தம் நடக்கும். ஒன்று ஒவ்வாவிட்டாலும் காசு வீண்.

7. முடிவெடுக்கும் முறை

அ. வேலைகளை முதலில் எழுதுங்கள். கணக்கு, கடிதம், படங்கள் என்றால் மேசைக் கணனியே போதும். பல கிராமங்களின் சங்கங்கள் ஒரே இயந்திரத்தில் இரவு பகலாகத் தகவல் பெறுமானால் சேர்வரைப் பற்றி யோசிக்கலாம்.

ஆ. விலையை முழுதாகக் கூட்டுங்கள். திரை, யூ.பி.எஸ்., இரண்டு வெளித்தட்டுகள், ஒரு வருட மின்சாரம், பயிற்சி எல்லாம் விலையே.

இ. பணம் கொடுக்கமுன் ஓட்டிப் பாருங்கள். புரொசெசரின் முழுப் பெயரைத் திரையில் வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஓர் இரவு ஓடவிட்டு நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த நினைவகத்தை ஏற்க வேண்டாம்.

ஈ. பற்றுச்சீட்டையும் உத்தரவாதத்தையும் சங்கத்தின் பெயரில் பெறுங்கள். எதை, ஏன் தெரிந்தோம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

எம் கருத்து இதுதான். பெரும்பாலான கிராமச் சங்கங்களுக்குத் திரைப்பகுதியுள்ள, நான்கு கரு மேசைக் கணனி தாராளம். சேர்வருக்குப் போகவிருந்த பணத்தில் யூ.பி.எஸ்.ஸும் இரண்டு வெளித்தட்டும் வாங்கி, ஒருவருக்குப் பதில் மூவரைப் பழக்குங்கள். கணக்குத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் கணக்கும் போய்விடும்.

குழுவில் கலந்துரையாட

1. இடம்பெயர்ந்தபோது நம் குடும்பங்கள் இழந்த பத்திரங்கள் எவை? எவை மீளக் கிடைத்தன? யாரிடம் இருந்த பிரதியால் கிடைத்தன?

2. நம் சங்கத்தின் கணக்கேடு இன்றிரவு அழிந்தால், நாளை எதை வைத்து மீள எழுதுவோம்?

3. நம் பிரதியை வைக்க நம்பிக்கையான வெளியூர் இடம் எது? கடவுச்சொல் எந்த இருவரிடம் இருக்க வேண்டும்?