விசிறி வைத்த விமானம் பழசா?

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நூல் மில் வேலையாகச் சேலம் போனவளை, அங்கிருந்தே ஹைதராபாத் போய்ச் சாம்பிள் காட்டிவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பியதும், நீ ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமானம் ஏறியதும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, "இத்தனூண்டு ஏர்போர்ட்டுங்க ஐயா, ரெண்டு பக்கமும் விசிறி வெச்ச அரதப்பழசு ப்ளேன், அதுலயும் பின்பக்கமா ஏத்துனாங்க" என்று! அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இயற்பியல் படித்தவள் எழுதுகிற வாக்கியமா இது?

நியூட்டனின் மூன்றாம் விதியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து ஓரடி எடுத்து வை, போதும். காற்றைப் பின்னால் தள்ளித்தான் விமானம் முன்னால் போகிறது. கொஞ்சம் காற்றை அதிவேகமாகத் தள்ளலாம். நிறையக் காற்றை மெதுவாகவும் தள்ளலாம். தள்ளும் காற்றை இரண்டு பங்காக்கி, அதற்குக் கொடுக்கும் வேகத்தைப் பாதியாக்கினால் உந்துவிசை மாறாது. ஆற்றல் செலவோ பாதியாகிவிடும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெரிய விசிறியின் சூட்சுமம் இதுதான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் இந்தக் கணக்கில் ஜெட் அதனிடம் தோற்றுப் போகும். சேலத்திலிருந்து சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ ஜெட்டில் போனால் கொஞ்ச நேரம்தான் மிச்சமாகும். அதற்காக அவ்வளவு எண்ணெயை எரிப்பது வெட்டி ஜம்பம்.

இன்னொன்று: அந்த விசிறியைச் சுழற்றுவதும் ஜெட் வகை டர்பைன்தான். நீ போனது ஏடிஆர் 72. அதன் 600 என்ற வடிவம் 2011-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. இண்டிகோ கம்பெனி ஏடிஆர் ஓட்டத் தொடங்கியதே 2017-இன் கடைசியில். எது அரதப்பழசு?

இப்போது பின்கதவுக்கு வருகிறேன். அது என் செல்லச் சங்கதி, கொஞ்சம் பொறுத்துக்கொள். ஏடிஆரின் முன்பக்கம் இடது புறத்தில் இருப்பது சரக்குக் கதவு. உன் பெட்டி அது வழியாக ஏறும், நீ வால்பக்கத்துக் கதவு வழியாக ஏறுவாய். அந்தக் கதவே கீழே மடிந்து படிக்கட்டாகிவிடுகிறது. ஏணி வண்டி வேண்டாம், ஏரோபிரிட்ஜ் வேண்டாம். காமலாபுரம் போன்ற இடத்தில் அவற்றை வாங்கி வைத்துப் பராமரிக்கிற செலவு மிச்சம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் வாலில் கூடினால் எடை பின்னால் சாயும். பின்பாரமான மாட்டுவண்டி மேக்கால் தூக்குமே, அதே கதை. அதனால் வாலுக்கு அடியில் ஒரு கம்பியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பாய்.

படியேறும்போது விமானத்தின் வலது பக்க என்ஜினின் இரைச்சல் கேட்டிருக்கும், மண்ணெண்ணெய் வாடைகூட அடித்திருக்கும். ஆனால் விசிறி நின்றிருக்கும். என்ஜின் ஓடும்போது விசிறி எப்படி நிற்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. பெரிய விமானங்களில், தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்க வாலில் தனியாக ஒரு குட்டி டர்பைன் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. எடை குறைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பதிலுக்கு வலது என்ஜினை ஓடவிட்டு, அதன் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கிறார்கள். இதற்கு 'ஹோட்டல் மோடு' என்று பெயர். காற்றை அமுக்கும் பகுதியும் விசிறியைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில் கோக்கப்படாததால் இது முடிகிறது. நடுவில் இருப்பது சூடான வாயு மட்டும்தான். பயணிகள் இடது பக்கமாக ஏறும்போது வலது என்ஜினை மட்டும் ஓடவிடுவது ஏன் என்று இப்போது உனக்கே விளங்கும். இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'அரதப்பழசு' என்று எழுதுவதா!

ஏடிஆர் தயாராவது பிரான்சின் துலூஸ் நகரத்தில். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்கு செந்த்-எக்சுபெரி நினைவுக்கு வந்துவிடுவார். 'குட்டி இளவரசன்' எழுதியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் துலூஸிலிருந்து ஸ்பெயின் வழியாக ஆப்பிரிக்காவுக்குத் தபால் மூட்டைகள் கொண்டுபோன விமானி. பாலைவன ஓரத்துச் சின்னஞ்சிறு தளம் ஒன்றுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். நம் நாட்டிலும் கதை அப்படித்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானத்தில் தபாலோடு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். பெல்லாரியை யோசித்துப் பார். இந்திய விமானப் போக்குவரத்து பிறந்ததே சிறிய தளங்களை நம்பித்தான். பெரிய நிலையங்களுக்குப் போக்கற்ற தம்பி என்று அவற்றை நினைப்பது சரித்திரம் தெரியாத பேச்சு.

ஓடுபாதை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காமலாபுரத்தில் இருப்பது சுமார் 1,800 மீட்டர். கோவை பீளமேட்டில் கிட்டத்தட்ட 3,000. ஏர்பஸ் ஏ320 முழுச் சுமையோடு கிளம்ப 1,800 பத்தாது, ஏடிஆருக்குத் தாராளம். வெயில் காலத்தில் காற்று சூடாகி அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும். அன்றைக்குச் சுமையைக் குறைக்க வேண்டிவரலாம். ஆள் குறைவான நாளில் "கொஞ்சம் பின்னால் போய் உட்காருங்கள்" என்று பணிப்பெண் சொன்னால் முகம் சுளிக்காதே. எடைச் சமன் பார்க்கிறார்கள். தூத்துக்குடி வாகைக்குளத்தில் பல வருஷம் 1,350 மீட்டரிலேயே ஏடிஆர் ஓடியது. பிறகுதான் 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு 2019 நவம்பரில் போன அலையன்ஸ் ஏர் விமானமும் ஏடிஆர்தான்.

சரி, "கூட்டமே இல்லாத ஊருக்கு எதுக்குங்க ஐயா ஏர்போர்ட்?" என்று கேட்டிருந்தாய். இது உருப்படியான கேள்வி. சேலம் நிலையம் 1993-இல் திறந்தது, கொஞ்ச நாளில் சேவை நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் போயிற்று. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்டியது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி உயிர் வந்தது. உடானில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நஷ்டத்தை ஈடுகட்ட விமானக் கம்பெனிக்கு மூன்று வருஷம் மானியம். மூன்று வருஷம் முடிந்த பிறகு? தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையைப் படி. அது ஆராய்ந்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியவற்றில் 112 மட்டுமே அந்த மூன்று வருஷத்தையே முழுசாக ஓடி முடித்தன. ரிப்பன் வெட்டுகிற படம் பேப்பரில் வருகிறது, விமானம் நின்றுபோன செய்தி உள்பக்க மூலையில்கூட வருவதில்லை.

என் கட்சி ஒன்றுதான். காலையில் போய் வேலை முடித்து ராத்திரி வீடு திரும்ப முடிந்தால் வியாபாரி டிக்கெட் எடுப்பார். நடுமதியம் ஒரே ஒரு விமானம் விட்டால், லாட்ஜ் வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ரயிலுக்கே போய்விடுவார். மானியத்தைவிட நேர அட்டவணைதான் சிறிய நிலையத்தைக் காப்பாற்றும். இதை டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் சொல்வது?

உனக்குச் சில நடைமுறைச் சொற்கள். கட்டடம் சின்னது என்று கடைசி நிமிஷத்தில் போய் நிற்காதே. போர்டிங் பாஸ் கொடுக்கிற அதே ஆட்கள்தான் பல இடங்களில் கேட்டிலும் வந்து நிற்பார்கள். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிட்டு அந்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறை சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டியைப் படிக்கட்டிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள், ஆகவே சாம்பிள் துணியை மடங்கும் பையில் எடுத்துப் போ. பனி, தாழ்ந்த மேகம் என்றால், தரையிறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவி இல்லாத நிலையங்களில் விமானம் இறங்க முடியாமல் போகலாம். அடுத்த விமானம் நாளைக்குத்தான். பஸ் நேரத்தைக் கையில் வைத்துக்கொள்.

"நம்ம கொமரலிங்கத்துப் பக்கமும் ஒரு குட்டி ஏர்போர்ட் வந்தா நல்லா இருக்கும்" என்று முடித்திருக்கிறாய். வேண்டாம், சாமி! அமராவதிப் பழைய ஆயக்கட்டில் ராஜவாய்க்கால் பாயும் வயலை யாரும் ஓடுபாதைக்கு அளக்க வேண்டியதில்லை. பீளமேட்டை நீட்ட 600 ஏக்கருக்கு மேல் எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தாயல்லவா? நமக்கு வேண்டியது, கோவையின் காலை விமானங்களைப் பிடிக்கும்படி உடுமலையிலிருந்து பல்லடம், சூலூர் வழியாக விமான நிலைய வாசலில் நின்று போகும் ஒரு விடிகாலைப் பஸ். போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஊருக்கு வரும்போது உன் கம்பெனிப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டி வந்து கையெழுத்துப் போடு.

ஆசிகளுடன்,
உன் பழைய வாத்தியார்