ஆர்எக்ஸ் சைலன்சர் மாத்தப் போறியா தம்பி? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு கைக்கு வந்ததும் பசங்க முதல்ல கை வைக்கறது சைலன்சர்லதான். ஸ்பேர்ஸ் கடை கவுன்டர்ல உட்கார்ந்திருக்கறவ நான். "அக்கா, சத்தம் கெத்தா வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க"ன்னு வர்ற தம்பிங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: இப்ப இருக்கறதைக் கழட்டி உள்ளே பார்த்தியா? பெரும்பாலும் பதில் வராது.

1985-ல வந்து 1996-ல தயாரிப்பு நின்னுபோன வண்டி அது. இன்னைக்கு ரோட்ல ஓடற எல்லாத்துக்கும் வயசு முப்பதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலோட சேர்த்து ஆயிலையும் எரிக்குது. முழுசா எரியாத ஆயில் எல்லாம் போய்ப் படியற இடம் சைலன்சர். வண்டி ஐம்பதைத் தாண்ட முக்குது, மேட்டுல மூச்சு வாங்குது, சைலன்சர் வால்ல கறுப்பா சொட்டுதுன்னா, உனக்கு வேண்டியது புது சைலன்சர் இல்லை. இருக்கறதைச் சுத்தம் பண்ற வேலைதான்.

வால் பக்கம் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழட்டிட்டு, பிளையர்ல பிடிச்சு லேசா திருகி இழுத்தா, பேஃபிள்னு சொல்ற உள் பைப் வெளியே வரும். ரொம்ப நாள் கழட்டாததா இருந்தா வராது. அடிச்சு உடைக்காதே, துருவுக்கு அடிக்கற ஸ்பிரேயை விட்டு ராத்திரி முழுக்க ஊற விடு. வெளியே வந்ததும் பாரு, ஓட்டை எல்லாம் அடிப்பிடிச்ச வெல்லப்பாகு மாதிரி கெட்டியா மூடியிருக்கும். மண்ணெண்ணெய் இல்லைன்னா டீசல்ல ஊறப்போட்டு கம்பி பிரஷால தேய். அதுக்கும் அசையலைன்னா காஸ்டிக் சோடா. ஆனா கவனம்: தண்ணியை முதல்ல ஊத்தி, அதுல சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். அம்மாவோட அலுமினியப் பாத்திரத்தை எடுத்துடாதே, சோடா அதை அரிச்சுத் தின்னுடும். பழைய பிளாஸ்டிக் வாளி போதும், அதுவும் குழந்தைங்க வராத இடத்துல. சைலன்சர் பாடியையே நெருப்புல காட்டி கார்பனை எரிக்கற வழக்கம் பட்டறைங்கள்ல உண்டு. கார்பன் போகும், கூடவே குரோம் நீலம் பாரிச்சு அழகும் போகும். அதுக்கு நீ சம்மதிச்சா செய்.

சிலிண்டர்ல புகை வெளியே வர்ற வாயிலயும் இதே கார்பன் ஏறியிருக்கும். அதைச் சுரண்டற வேலையை மெக்கானிக்கிட்ட விட்டுடு.

இவ்வளவும் பண்ணி வண்டி பழைய இழுப்புக்கு வந்துட்டா உன் காசு மிச்சம். பாடி ஓட்டை விழுந்து, வெல்டிங் மேல வெல்டிங்கா இருந்தா மட்டும் புதுசு வாங்கு.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுக்கோ. ஃபோர் ஸ்ட்ரோக்ல இருக்கற மாதிரி வால்வு இதுல கிடையாது. புகை வெளியே போற அதே வழியா புது பெட்ரோல் கலவையும் கொஞ்சம் தப்பிச்சு ஓடப் பார்க்கும். சைலன்சரோட வயிறு முதல்ல விரியுது, அப்புறம் குறுகுது இல்லையா? விரியற இடம் எரிஞ்ச புகையை இழுத்து வெளியேத்தும். குறுகற இடத்துல மோதித் திரும்பற அழுத்த அலை, தப்பிச்ச கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். அந்த 98 சிசி இன்ஜின் 11 குதிரைத் திறன் குடுக்கறதுல இந்த வயித்துக்கும் பங்கு உண்டு. அதனாலதான் பேஃபிளைப் பிடுங்கி எறியறதையும், பாடியை அறுத்துக் குட்டையாக்கறதையும் நான் ஒத்துக்கறதில்லை. சத்தம் ஏறும்; கீழ் கியர்ல இழுப்பு குறையும், பெட்ரோல் வீணாகும்.

சென்னையில இருந்தா ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. ரெண்டு இடத்துலயும் "ஒரிஜினல்"னு சொல்லித்தான் எல்லாத்தையும் விப்பாங்க. கையில தூக்கிப் பாரு. தகடு மெலிசா இருந்தா எடையிலேயே தெரிஞ்சுடும். விரலால சுண்டினா டப்பா சத்தம் வரக்கூடாது. வெல்டிங் கோடு விட்டு விட்டு இருக்கக்கூடாது, பேஃபிள் தனியா கழட்ட வரணும். கழட்ட வராததை அடுத்த தடவை எப்படிச் சுத்தம் பண்ணுவே? ஆர்எக்ஸ் 135க்குச் செஞ்சதை "இதுக்கும் சேரும்"னு தலையில கட்டுவாங்க. மாட்ட முடியும், ஆனா அது பெரிய இன்ஜினுக்குக் கணக்கு பண்ணினது.

மாட்டறப்போ இன்ஜின் ஆறியிருக்கணும். முன்பக்கம் காஸ்கெட் புதுசு போடு; பழசையே நசுக்கி வைக்கறது கஞ்சத்தனம். எல்லா நட்டையும் முதல்ல கையாலேயே ஏத்து, அப்புறம் இன்ஜின் பக்கம் இறுக்கு, கடைசியா பின்பக்க போல்ட். பின்னாடி முதல்ல இறுக்கினா பைப் இழுபட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல பிராக்கெட் விரிசல் விடும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குரோமைத் துணியால துடை, இல்லைன்னா உன் கைரேகை அதுல சுட்டுப்போய் நிக்கும். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, ஆறினதும் மறுபடி இறுக்கு. இன்ஜின்ல பைப் சேர்ற இடத்துல கறுப்பா ஈரம் கசிஞ்சா காஸ்கெட் சரியா உட்காரலைன்னு அர்த்தம்.

அப்புறம் பிளக். கொஞ்ச நாள் ஓட்டினதும் கழட்டி முனையைப் பாரு. காப்பிப் பொடி நிறம்னா நிம்மதி. கறுப்பா ஈரமா இருந்தா பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். வெளுத்துப்போய் இருந்தா உடனே வண்டியை நிறுத்து: கலவையில பெட்ரோல் பத்தலை, பிஸ்டன் ஜாம் ஆகும். சைலன்சர்ல மிச்சம் பிடிச்ச காசுக்கு மேல ரீபோர் செலவு வரும். கார்புரேட்டர் ஜெட்டைத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துச் சரிபண்ணு. ஆயில் பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டற வண்டின்னா இன்னும் உஷார்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாம வண்டியில மாற்றம் பண்ணினா உரிமையாளருக்கு மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். சத்தம், புகை விதியை மீறினா 10,000 வரை அபராதமோ மூணு மாசம் வரை சிறையோ ரெண்டுமோ, அதோட லைசென்ஸும் மூணு மாசம் போகும். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கணும். அறுத்த சைலன்சரோட அங்கே போய் "சார், சார்"னு நிக்காதே.

அதனால, கழட்டின கம்பெனி சைலன்சர் எவ்வளவு கேவலமா இருந்தாலும் காயலான் கடையில போட்டுடாதே. உள்ளே ஆயில் தடவி, சாக்குல சுத்தி பரண்ல போடு. ஆர்.சி. புதுப்பிக்கற நேரத்துல ஒரிஜினல் சைலன்சர் தேடி அலையற பசங்க என் கடைக்கு நிறைய பேர் வர்றாங்க. எல்லாருக்கும் எடுத்துக் குடுக்க என்கிட்டயும் இல்லை.