கன்றுக்கும் ஒரு பங்கு

மும்பையின் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா பகுதிகளில் வாழும் தமிழர் இல்லங்களில் பொழுது விடிவது காப்பியின் மணத்தோடுதான். இந்நகர மக்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்குவது எருமைப்பால். எருமைகளைக் கட்டிவைக்கும் கொட்டிலை இங்கே 'தபேலா' என்பர். முற்காலத்தில் நகரின் நடுவிலேயே தபேலாக்கள் பல இருந்தன. எருமைகளை அங்கிருந்து வெளியே கொண்டு செல்லும் பொருட்டு, 1949 ஆம் ஆண்டில் கோரேகாவ் பகுதியில் ஆரே பால் குடியிருப்பு அமைக்கப்பட்டது. அதனை உருவாக்குவதில் முன்நின்ற தாரா குரோடி, 1963 இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் மகசேசே விருது பெற்றார்.

பால் பெருகியது, ஆனால் கன்றின் நிலை என்ன? நகரத்தில் இடமும் தீவனமும் விலை மிகுந்தவை. ஆதலால் கன்று குடிக்கும் பாலை இழப்பு என்று கருதியோர் பலர். போதிய உணவின்றி இறந்த கன்றுகளும் பல. இன்றைய கிடேரிக் கன்றே நாளைய கறவை எருமை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கன்று பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் அதற்குச் சீம்பால் ஊட்ட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றலை அதுவே தருகிறது. பின்னர் நாள்தோறும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தேவை. 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் எனக் கணக்கிடலாம்.

அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. வளர்ந்த எருமையின் வயிற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பெருவயிறு எனப்படும் முதல் அறையே. பிறந்த கன்றுக்கோ அது சிறியது. இன்னும் வேலை செய்யத் தொடங்காதது. குடித்த பால் அதனைத் தவிர்த்து நேரே நான்காம் அறையை அடைகிறது.

பெருவயிற்றை வளர்க்க இருவகை உணவு வேண்டும். முதலாவது, மக்காச்சோளம், பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு ஆகியவை கலந்த அடர்தீவனம். இது நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் பெருவயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. இரண்டாவது, பசும்புல்லும் உலர்ந்த புல்லும். இவை பெருவயிற்றை விரிவாக்கித் தசையை வலுப்படுத்துகின்றன. இவற்றை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது.

அடர்தீவனம் மிகுந்தால் அமிலம் பெருகிக் கழிச்சலும் நோயும் வரும். புல் மட்டுமே தந்தால் வயிறு பெருத்து உடல் மெலியும். ஆகவே, இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டையும் சிறிது சிறிதாகத் தந்து, கன்று வளர வளர அளவைக் கூட்ட வேண்டும். தூய குடிநீரும் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

இமயமலையில் வாழும் யாக் கன்றுக்கும் இவ்விதி பொருந்தும். குளிர்காலத்தில் பனி மூடி மேய்ச்சல் குறையும்போது, சேமித்த உலர்தீவனமும் அளவான அடர்தீவனமும் அதனைக் காக்கும். யாக்குகளைப் பற்றி ஆராயும் தேசிய ஆராய்ச்சி மையம் 1989 இல் அருணாசலப் பிரதேசத்தின் திராங்கில் தொடங்கப்பட்டது.

தன் கன்றுக்கு நீதி கேட்டுத் திருவாரூரில் பசு ஒன்று ஆராய்ச்சி மணியை அடித்தது என்பது மனுநீதிச் சோழன் கதை. தபேலாவில் அத்தகைய மணி இல்லை. கறக்கும் முன்னரே கன்றின் பங்கை ஒதுக்கி வைப்பவரே அங்கே நீதி செய்பவர்.

அருஞ்சொற்பொருள்
கொட்டில் – மாட்டுத் தொழுவம்
கிடேரி – பெண் கன்று
சீம்பால் – ஈன்றவுடன் சுரக்கும் முதற்பால்
கழிச்சல் – வயிற்றுப்போக்கு

பயிற்சி
1. ஆரே பால் குடியிருப்பு ஏன் அமைக்கப்பட்டது?
2. புல்லை மெல்லுவதால் கன்றுக்கு விளையும் நன்மை யாது?
3. 35 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் பால் தேவை?
4. பிரித்து எழுதுக: பசும்புல், முதற்பால்.
5. உங்கள் சொந்த ஊரில் கன்றுகளுக்கு என்னென்ன தீவனம் தருவர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.