மெஷினை யார் அடுக்குவது?

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் பண்ணினபோது உன் குரலுக்குப் பின்னால் குழாய்ச் சத்தமும் தட்டு உருளும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாய். “டிஷ்வாஷர் வாங்கட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க பெரியம்மா” என்றாய். ஒரே வார்த்தையில் என்றால், வாங்கு. ஆனால் நாளைக்கே கடைக்கு ஓடாதே. அதற்குமுன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர். என் வீட்டு மெஷின் 2020 ஊரடங்கு முடிந்த கையோடு வாங்கியது. இன்றுவரை ஒரு ரிப்பேர் இல்லை. அதை நம்பி நீ வாங்கிவிடக் கூடாது. எனக்குக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். மேடவாக்கத்தில் உனக்கு வருவது போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். போன தடவை வந்தபோது உங்கள் குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொரிந்து கிடந்ததைப் பார்த்தேன். கால்சியமும் மக்னீசியமும்தான் அப்படிப் படிகின்றன. அந்தத் தண்ணீரை மெஷினுக்குள் விட்டுச் சூடாக்கினால் ஹீட்டரில் படியும், தண்ணீர் பீய்ச்சுகிற துளைகளை அடைக்கும், டம்ளரெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளியே வரும்.

இதற்கு மெஷினுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. பொடிப்பொடியான பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் வந்து அவற்றைக் கழுவி மறுபடி தயாராக்கும். மெஷினில் உப்புப் போடச் சொல்வது இதற்காகத்தான். சமையல் உப்பைப் போட்டுவிடாதே. கட்டி பிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கிற பொருள்கள் மணிகளுக்கு ஆகாது.

அந்த மணிகளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் அசோசியேஷனில் கேட்டால் டி.டி.எஸ். எண்ணைச் சொல்வார்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் கணக்கு. நமக்கு வேண்டியது ஹார்ட்னெஸ் மட்டும். ஒரு பாட்டிலில் பிடித்துத் தண்ணீர் பரிசோதிக்கிற லேபில் கொடு. முப்பது வருஷம் கல்லூரி லேபில் ஹார்ட்னெஸ் அளக்கிற இந்தச் சோதனையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒயின் சிவப்பு போய் நீலம் வருகிற அந்த ஒரு சொட்டுக்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஹார்ட்னெஸ் வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. மெஷின் கையேட்டில் பெரும்பாலும் ஜெர்மன் பாகையில் போட்டிருப்பார்கள். ஒரு பாகை 17.8 மில்லிகிராம். மேல்வரம்பு 50 பாகை என்று இருந்தால் 890 வரை அது தாங்கும். உன் வீட்டு எண் அதைத் தாண்டினால், மெஷினுக்கு முன்னால் தனியாக ஒரு சாஃப்ட்னர் வைக்காமல் வாங்காதே. கடையில் இதையெல்லாம் கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்” என்பார்கள். கையில் எண் இல்லாமல் அவர்களோடு பேசாதே.

தண்ணீர் நிறையச் செலவாகுமே என்று மாப்பிள்ளை சொன்னாராமே. ஒரு தடவை ஓட 10 முதல் 12 லிட்டர் போதும். குழாயைத் திறந்துவிட்டு விளக்கினால் எவ்வளவு போகிறது என்று நான் ஒருநாள் சிங்க்குக் குழாயை வாளிக்குள் திருப்பிவிட்டுப் பார்த்தேன். ராத்திரிப் பாத்திரத்துக்கு மட்டும் மூன்று வாளி. 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றி நீங்கள் லாரிக்குக் காத்துக் கிடந்தது எனக்கு மறக்கவில்லை, அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன். கரண்டு ஒரு ஓட்டத்துக்குச் சுமார் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. இலவச யூனிட்டெல்லாம் உங்கள் ஏசிக்கே பத்தாது, ஆகவே இந்த 60-ம் மேல்படிக் கட்டணத்தில்தான் விழும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்.

அடுத்தது உன் பாத்திரங்கள். இந்த மெஷினை வேலைக்கு ஆகும்படி முதலில் செய்தவர் ஜோசபின் காக்ரேன் என்கிற அமெரிக்கப் பெண். 1886-ல் காப்புரிமை வாங்கி, 1893-ல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார். வேலையாட்கள் கழுவும்போது அவருடைய பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைந்துகொண்டே இருந்ததுதான் ஆரம்பம். மெஷின் பிறந்ததே பீங்கான் தட்டுக்காக என்பதை மனதில் வைத்துக்கொள். இன்றைக்கும் 12 செட், 14 செட் என்று விற்கிறார்களே, அந்தச் செட் என்பது பெரிய தட்டு, சூப்புத் தட்டு, கப், சாசர், முள்கரண்டி என்று ஒரு வெள்ளைக்காரச் சாப்பாட்டு மேசையின் கணக்கு. நம் குக்கர், குழம்புச் சட்டி, பால் பாத்திரம், நாலடுக்கு டிபன் கேரியர் எதுவும் அதில் இல்லை. 14 செட் மெஷினில் உன் வீட்டு ஒருநாள் பாத்திரம் அடங்கும் என்று நினைக்காதே. இரண்டு குக்கர் போனால் கீழ்த்தட்டில் பாதி போயிற்று.

அதனால் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுது. ஒவ்வொரு ராத்திரியும் சிங்க்கில் என்னென்ன கிடக்கிறது என்று எண்ணி எழுது. எவர்சில்வர் எத்தனை, கண்ணாடி எத்தனை, மற்றது எத்தனை. எவர்சில்வர் ராஜாபோல உள்ளே போய் வரும். அலுமினிய வாணலி ஒரே ஓட்டத்தில் கறுத்துவிடும், மெஷின் பொடியில் காரம் அதிகம். இரும்பு தோசைக்கல் பழக்கிய எண்ணெய்ப் பதத்தை இழந்து துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு, ஆச்சியின் கல்சட்டி, மண்சட்டி, மரக்கரண்டி, நான்ஸ்டிக், குக்கர் காஸ்கெட், மிக்ஸி ஜார் எதையும் வைக்காதே. உன் நோட்டில் பாதிக்குமேல் இந்த வகையாக இருந்தால் மெஷின் உனக்குப் பாதிதான் உதவும். நான் மூன்று அலுமினியச் சட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டு அகல வாயுள்ள எவர்சில்வர் வாங்கினேன். குறுகின வாய்ச் சொம்புக்குள் தண்ணீர் பீய்ச்சாது, அதில் பால் ஆடை அப்படியே நிற்கும்.

டேப் எடுத்து இடத்தையும் அளந்துவிடு. பெரிய மெஷின் 60 சென்டிமீட்டர் அகலம், கதவு கீழ்நோக்கித் திறந்து இன்னும் இரண்டடி முன்னால் வரும். உன் அடுக்களையில் அது திறந்திருந்தால் இன்னொருவர் தாண்டிப் போக முடியுமா என்று பார்.

உன் மாமியாருக்கு எச்சில் தட்டும் சாமிக்குப் படைக்கிற பாத்திரமும் ஒன்றாகக் கழுவப்படுமோ என்று மனசு சங்கடப்படுகிறது என்றாய். அவர்களோடு வாதாடாதே. அவர்கள் பாத்திரங்களைத் தனியாக ஒரு கூடையில் வைத்து, இதுவரை விளக்கியபடியே விளக்கட்டும். என் மாமியார் கடைசிவரை தன் டம்ளரைத் தானே கழுவினார்கள். அதனால் எனக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை.

வேலைக்கு வருகிற அக்காவைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். ஆறு வருஷமாக வருகிறவர். மெஷின் வீட்டுக்குள் வருகிற அன்று அவர் வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல். தோசைக்கல்லும் வாணலியும் பித்தளையும் எப்படியும் அவர் கைக்குத்தான் வரும். மிச்ச நேரத்துக்குக் காய் நறுக்குவது, துணி மடிப்பது என்று பேசிக்கொள், சம்பளத்தில் கை வைக்காதே. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லேயே தமிழ்நாட்டில் நல வாரியம் அமைத்தார்கள். அவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று கேள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பதியட்டும்.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மெஷின் வந்த புதிதில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. உன் ஆச்சி புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து அங்கணத்தில் குத்தவைத்துத் தேய்த்தவள். விரலிடுக்கில் புண் ஆறவே ஆறாது, சோறு பிசைகிறபோது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போவது பெரிய விடுதலையாக இருந்தது. மிச்சத்தை வழித்துக் குப்பையில் போடுவது, முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலையும் வடிகட்டியில் சிக்காமல் பார்ப்பது, தட்டைச் சாய்த்து அடுக்குவது, உப்புத் தீர்ந்த விளக்கைக் கவனிப்பது, வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது எல்லாம் நானே செய்தேன். பெரியப்பா ஒருநாள் அடுக்கப் போனார். “நீங்க வெச்சா சரியா வராது, விடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் உன் அக்காவின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் 45 நாள் இருந்தேன். திரும்பி வந்து மெஷினைத் திறந்தால், நான் கிளம்பின அன்று காலையில் வைத்த டம்ளர்கள் அப்படியே இருந்தன. பூசணம் பூத்து, கதவைத் திறந்த மாத்திரத்தில் நாற்றம். பெரியப்பாவும் உன் அண்ணனும் அந்த 45 நாளும் சிங்க்கில் கழுவியிருக்கிறார்கள், பாதி நாள் பார்சல் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. தேய்க்கிற வேலையைத்தான் மெஷினிடம் கொடுத்திருந்தேன். நினைத்துக்கொண்டே இருக்கிற வேலையை, இது என் பொறுப்பு என்கிற பாரத்தை, ஒருத்தரிடமும் கொடுக்கவில்லை. யாரும் தொட வந்தபோதும் நானே தள்ளிவிட்டேன்.

அன்று ராத்திரி பெரியப்பாவை அருகில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதல் மாதம் இரண்டு கண்ணாடி டம்ளர் உடைந்தது, ஒரு பிளாஸ்டிக் மூடி உருகியது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ராத்திரி அடுக்குவது முழுக்க அவர் வேலை. காலையில் எடுத்து அலமாரியில் வைப்பது என் வேலை. அவர் என்னைவிட நன்றாக அடுக்குகிறார், குக்கருக்கும் கரண்டித் தட்டுக்கும் நடுவில் நான் விட்டுவைத்த இடத்தில் ஆறு டம்ளர் வைக்கிறார்.

ஆகவே நீ பணம் கட்டுவதற்குமுன் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒன்று கேட்டுவிடு. ராத்திரி யார் அடுக்குவது, காலையில் யார் எடுத்து வைப்பது. பதில் “நீதான்” என்றால் கொஞ்ச நாள் பொறு. மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது, டிபன் டப்பாவைத் திறந்து வழித்து வைக்கச் சின்னவளும் போதும். அவர்கள் கோணலாக வைத்தால் திருப்பி வைக்காதே. ஒரு தட்டு அழுக்காக வந்தால் மறுபடி ஓடட்டும்.

தண்ணீர் ரிசல்ட் வந்ததும் எண்ணை எனக்குப் போனில் சொல். அந்த ஒரு வாரத்து நோட்டையும் படம் பிடித்து அனுப்பு, எந்தச் சட்டியை மாற்றலாம் என்று நானும் பார்க்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம் சொல். கையில் வெடிப்பு இருக்கிறது என்றாயே, படுக்கும்முன் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா